ஒரே ஆர்டரை நாலு தடவை எழுதுவதா? விற்பனை மென்பொருளையும் தானியங்கிக் கருவிகளையும் இணைக்கும் பாடம்



தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது, கிள்ளானிலோ ஷா ஆலமிலோ பலகாரம் செய்து விற்கும் ஏதாவது ஒரு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஆர்டர் புலனத்தில் வரும். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு ஆண்டி அதைப் படித்து 555 நோட்டில் எழுதுவார். ராத்திரி மகளோ மகனோ அந்த நோட்டைப் பார்த்து எக்செல்லில் ஏற்றுவார்கள். மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பவர் அதையே மறுபடியும் கணக்கு மென்பொருளில் தட்டுவார். ரெண்டு கிலோ முறுக்கு, நாலு இடத்தில் பதிவு. இந்த நாலில் ஏதாவது ஒன்றில் கை தவறினால் போதும், கொண்டுபோய்க் கொடுக்கும் நாளில்தான் தெரியும்.

இந்த இதழின் பாடம் இந்த நாலு எழுத்தை ஒன்றாக்குவது பற்றியது. நான் ஷா ஆலமில் பொறியியல் படிக்கிறேன். ஆனால் இதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை, நிரல் எழுதவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ ஒரு சின்ன வியாபாரம் இருந்தால், கையில் ஒரு நோட்டோடு படியுங்கள்.

முதலில் ரெண்டு பெயர்கள். விற்பனை மென்பொருள் என்று நான் சொல்வது சி.ஆர்.எம். என்ற வகையை. வாடிக்கையாளர் யார், என்ன கேட்டார், விலை சொல்லியாச்சா, முன்பணம் வந்ததா, பொருள் போய்ச் சேர்ந்ததா, இதையெல்லாம் ஆள் வாரியாக வைத்திருக்கும் புத்தகம் அது. தானியங்கிக் கருவி என்பது வேறு. அதற்குச் சொந்தமாகப் புத்தகம் கிடையாது. ஒரு மென்பொருளில் ஏதாவது நடந்தால் அதைப் பார்த்து இன்னொரு மென்பொருளில் ஏதாவது செய்யும் பையன் மாதிரி அது. கடையில் 'தம்பி, இந்தச் சீட்டை உள்ளே கொடுத்துட்டு வா' என்று அனுப்புவோம் இல்லையா, அந்தத் தம்பி.

சி.ஆர்.எம். என்றதும் பலரும் அமெரிக்காவின் சேல்ஸ்ஃபோர்ஸைத்தான் நினைப்பார்கள். 1999-ல் தொடங்கிய நிறுவனம், இந்தத் துறையில் மிகப் பெரியது. ஆனால் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு ஊர் சென்னை. ஸ்ரீதர் வேம்பு 1996-ல் நண்பர்களோடும் சகோதரர்களோடும் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனம், 2009-ல் சோகோ எனப் பெயர் மாறியது. சோகோ சி.ஆர்.எம். 2005-லிருந்து இருக்கிறது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை கிராமத்தில் இவர்களுக்கு அலுவலகம் உண்டு. உலகம் பயன்படுத்தும் மென்பொருளின் ஒரு பகுதியை ஒரு கிராமத்தில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். சோகோவில் வேலை பார்த்த கிரிஷ் மாத்ருபூதம் 2010-ல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், பிறகு ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆகி, 2021 செப்டம்பரில் நியூயார்க்கின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. அவர் தீவிர ரஜினி ரசிகர், பங்கு வெளியீட்டு வேலைக்கே 'சூப்பர்ஸ்டார்' என்று பெயர் வைத்திருந்தாராம். ஆக, விற்பனை மென்பொருள் நமக்குத் தூரத்துச் சரக்கு இல்லை.

தானியங்கிப் பக்கம் மூன்று பெயர் தெரிந்தால் போதும். ஸேப்பியர், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 2011-ல் தொடங்கியது. மேக், செக் நாட்டில் இன்டெக்ரோமேட் என்ற பெயரில் பிறந்து 2022-ல் இந்தப் பெயருக்கு மாறியது. என்8என், பெர்லினில் 2019-ல் தொடங்கியது. இதை உங்கள் சொந்தக் கணினியிலேயே நிறுவி ஓட்டலாம். சோகோவும் ஃப்ளோ என்று ஒன்று வைத்திருக்கிறது. எதை எடுத்தாலும் உள்ளே இருக்கும் சங்கதி ஒன்றுதான். அதனால் எது நல்லது என்று சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எட்டிப் பார்ப்பதும் மணி அடிப்பதும்

ஒவ்வொரு தானியங்கி ஓட்டமும் ஒரு தூண்டலில் தொடங்கும், பிறகு ஒன்றோ பலவோ செயல்கள் வரும். 'ஆர்டர் படிவத்தை யாராவது நிரப்பினால்' என்பது தூண்டல். 'சி.ஆர்.எம்.-ல் ஒரு பதிவு போடு, டெலிவரி தாளில் ஒரு வரி சேர், தம்பிக்கு ஒரு செய்தி அனுப்பு' என்பவை செயல்கள்.

தூண்டலைக் கருவி எப்படித் தெரிந்துகொள்கிறது? ரெண்டு வழி. ஒன்று, தபால்காரர் வந்தாரா என்று பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வாசலை எட்டிப் பார்ப்பது. ஸேப்பியரின் இலவசத் திட்டத்தில் பல தூண்டல்கள் இப்படித்தான் ஓடும். இன்னொன்று, தபால்காரரே மணி அடிப்பது. இதற்கு வெப்ஹூக் என்று பெயர். கருவி உங்களுக்கு ஒரு முகவரி கொடுக்கும். விற்பனை மென்பொருளில் ஆர்டர் விழுந்த அடுத்த நொடி, அது அந்த முகவரிக்கு விவரத்தைத் தள்ளிவிடும். 'பணம் வந்துவிட்டது' மாதிரி உடனே தெரிய வேண்டியதற்கு மணி வேண்டும். 'நாளைக்கு என்னென்ன சுடணும்' என்பதற்கு எட்டிப் பார்த்தாலே போதும், அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

காசு என்றதும் ஒரு கணக்குப் போட்டு விடுவோம். ஸேப்பியர் ஒவ்வொரு செயலையும் ஒரு பணியாக எண்ணும், இலவசத்தில் மாதம் 100 பணிதான். தீபாவளி மாதத்தில் 300 ஆர்டர், ஒவ்வொன்றுக்கும் 4 செயல் என்றால் 1,200 பணி. என்8என் மேகச் சேவையில் எத்தனை செயல் இருந்தாலும் முழு ஓட்டத்தையும் ஒன்றாக எண்ணுவார்கள், அப்போது அதே வேலை 300 தான். இந்த எண்ணும் முறையைப் பார்க்காமல் மாதச் சந்தா விலையை மட்டும் ஒப்பிடுவது, மீட்டர் போடாத டாக்சியில் ஏறுவது மாதிரி.

புலனம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். கடைகள் இலவசமாகப் பயன்படுத்தும் பிசினஸ் செயலி வேறு, மற்ற மென்பொருள்களோடு இணைவதற்கான பிசினஸ் தளம் வேறு. ரெண்டாவதில் வாடிக்கையாளர் கடைசியாகச் செய்தி அனுப்பியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் நீங்கள் எதையும் பதிலாக எழுதலாம். அதற்குப் பிறகு, முன்கூட்டியே அனுமதி வாங்கிய வார்ப்புச் செய்தியை மட்டுமே அனுப்ப முடியும். கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் எல்லாம் இலவசம் என்று சொல்லும் அங்கீகாரமற்ற கருவிகள் நிறைய உலாவுகின்றன. மாட்டினால் எண்ணையே முடக்கிவிடுவார்கள். பதினைந்து வருடமாக ஊருக்கே தெரிந்த எண் தீபாவளிக்கு ஒரு வாரத்துக்கு முன் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வாடிக்கையாளர் யார்?

இணைப்பதில் கஷ்டமான பகுதி கம்பி இல்லை, பெயர்தான். பயிற்சிக் காணொளிகளில் இதைச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவற்றைச் செய்பவர்களுக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது.

சேல்ஸ்ஃபோர்ஸிலும் சோகோ சி.ஆர்.எம்.-லும் ஒரு ஆளைப் பதிய வேண்டுமென்றால் 'கடைசிப் பெயர்' கட்டாயம். முதல் பெயர் இல்லாவிட்டால் பரவாயில்லை. நம் அடையாள அட்டையில் என்ன இருக்கிறது? மகன் பெயர், ஏ/எல், அப்பா பெயர். இல்லையென்றால் மகள் பெயர், ஏ/பி, அப்பா பெயர். விவரம் தெரியாமல் இணைத்தால், முன்னாடி இருப்பது முதல் பெயராகவும் பின்னாடி இருப்பது கடைசிப் பெயராகவும் போய் உட்காரும். பிறகு தானியங்கி 'மதிப்பிற்குரிய திரு.' என்று போட்டு அப்பா பெயரைச் சேர்த்து, பொண்ணுக்குச் செய்தி அனுப்பும். அப்பா காலமாகி அஞ்சு வருஷம் ஆகியிருக்கலாம். சில படிவங்கள் அந்தச் சாய்கோட்டையே ஏற்காமல் திருப்பி அனுப்பும் கூத்தும் உண்டு. ஒரே ஆள் ஒரு இடத்தில் ஏ/எல் வைத்தும் இன்னொரு இடத்தில் வைக்காமலும் பதிவாகி, ரெண்டு ஆளாகவே ஆகிவிடுவார்.

என் யோசனை இது: அடையாள அட்டையில் இருக்கிற முழுப் பெயரையும் அப்படியே கடைசிப் பெயர்க் கட்டத்தில் போடுங்கள். முதல் பெயரைக் காலியாக விடுங்கள். 'அழைக்கும் பெயர்' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்து, அதில் நீங்கள் எப்படிக் கூப்பிடுவீர்களோ அதை எழுதுங்கள். 'செல்வி ஆண்டி', 'கோயில் தலைவர்', 'மாஸ்டர்' என எதுவாக இருந்தாலும் சரி. செய்திக்கு இந்தக் கட்டத்தை மட்டும் பயன்படுத்துங்கள். விலைப்பட்டியலுக்கு முழுப் பெயர்.

சரி, பெயரை வைத்து ஆளைத் தேடக் கூடாது என்று ஆகிவிட்டது. கைப்பேசி எண்ணை வைத்துத் தேடலாமா? தேடலாம், ஆனால் முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒருவர் 012 என்று தொடங்கி நடுவில் கோடு போட்டு எழுதுவார். புலனம் அதையே 6012 என்று வைத்திருக்கும். எக்செல் அதை எண்ணிக்கை என்று நினைத்து முன்னால் இருக்கும் சுழியை விழுங்கிவிடும், மீதி 12 என்று நிற்கும். மூன்றும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும், கருவிக்குத் தெரியாது. அதனால் தூண்டலுக்கு அடுத்த படியாகவே ஒரு சுத்தம் செய்யும் படி வையுங்கள்: கோடு, இடைவெளி, கூட்டல் குறி எல்லாவற்றையும் நீக்கு, சுழியில் தொடங்கினால் முன்னால் 6 சேர், 1-ல் தொடங்கினால் 60 சேர். மூன்றே விதிதான். இதைச் செய்யாமல் விட்டவர்கள் ஆயிரம் வாடிக்கையாளரை ஆயிரத்தைந்நூறாக வைத்திருப்பார்கள்.

முகவரியில் ஷா ஆலம்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. 'செக்‌ஷன் 7', 'செக்ஷேன் 7', 'செக் 7' என்று ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள், அது தலைவலி. ஆனால் தெருப் பெயரைப் பாருங்கள். ஜாலான் கிரிஸ்டல் 7/ என்று தொடங்கினால், சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் 7 தான் செக்‌ஷன் எண். புக்கிட் ஜெலுத்தோங் யு8, செத்தியா ஆலம் யு13. அந்த யு, வடக்கு என்று பொருள்படும் உத்தாராவைக் குறிப்பது. ஆக, தெருவின் எண்ணிலிருந்து சாய்கோட்டுக்கு முந்தைய பகுதியைப் பிரித்தெடுத்தால் செக்‌ஷன் தானாகவே கிடைத்துவிடும். டெலிவரித் தாளை அந்த எண்ணால் வரிசைப்படுத்தினால், வண்டி ஓட்டும் தம்பி கோத்தா கெமுனிங்குக்கும் புக்கிட் ஜெலுத்தோங்குக்கும் மாறி மாறி அலைய வேண்டாம். கிள்ளானில் இந்த வித்தை பலிக்காது, அங்கே அஞ்சல் குறியீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு தடவை அடிக்கும் மணி

இப்போது கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டிய இடம். விற்பனை மென்பொருள் வெப்ஹூக்கைத் தள்ளுகிறது. உங்கள் கருவி அதை வாங்கிக்கொண்டது, ஆனால் 'வந்துவிட்டது' என்று பதில் சொல்வதற்குள் இணையம் ஒரு வினாடி தடுமாறியது. அனுப்பியவர் என்ன நினைப்பார்? போய்ச் சேரவில்லை என்று நினைத்து மறுபடியும் அனுப்புவார். இது கோளாறு இல்லை, வேண்டுமென்றேதான் அப்படி அமைத்திருக்கிறார்கள். ஒரு தடவையும் சேராமல் போவதைவிட ரெண்டு தடவை சேர்வது மேல் என்பது அவர்கள் நியாயம். விளைவு என்னவென்றால், ஒரே ஆர்டருக்கு ரெண்டு பதிவு, ரெண்டு செய்தி, ரெண்டு விலைப்பட்டியல்.

இதற்கு மருந்து, ஆர்டருக்குப் பிறக்கும்போதே ஒரு எண் கொடுப்பது. அந்த எண் ஒரே இடத்தில்தான் உருவாக வேண்டும், எங்கே போனாலும் கூடவே போக வேண்டும். பிறகு 'புதுப் பதிவு போடு' என்ற செயலை எங்கேயும் நேரடியாக வைக்காதீர்கள். 'இந்த எண்ணைத் தேடு. இருந்தால் திருத்து. இல்லையென்றால் மட்டும் புதிதாகப் போடு' என்று வையுங்கள். மணி ரெண்டு தடவை அடித்தாலும் இருபது தடவை அடித்தாலும் பதிவு ஒன்றுதான். பெரும்பாலான கருவிகளில் இதற்குத் தயார்ப் படியே இருக்கிறது.

இன்னொரு பொறி, இரு வழி இணைப்பு. சி.ஆர்.எம்.-ல் மாற்றினால் கணக்கு மென்பொருளில் மாறட்டும், அங்கே மாற்றினால் இங்கேயும் மாறட்டும் என்று ஆசைப்பட்டு ரெண்டு ஓட்டத்தை வைப்பார்கள். இது அதைத் திருத்தும், அந்தத் திருத்தம் இதைத் தூண்டும், இது மறுபடியும் அதைத் திருத்தும். ராத்திரி முழுக்க ரெண்டும் ஒன்றை ஒன்று தட்டிக்கொண்டே இருக்கும், காலையில் மாதத்துப் பணிக் கணக்கு காலி. அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வீடு முடிவு பண்ணுங்கள். பெயரும் எண்ணும் முகவரியும் சி.ஆர்.எம். வீட்டுப் பிள்ளைகள், அங்கே மட்டும்தான் திருத்தலாம். விலையும் வரவும் கணக்கு மென்பொருளின் பிள்ளைகள். மற்ற இடத்தில் அவற்றைப் பார்க்கலாம், தொடக் கூடாது.

இது முறுக்குக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். நம் நாட்டில் இப்போது மின்-விலைப்பட்டியல் வந்துவிட்டது. 2024 ஆகஸ்ட் 1-ல் ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்குத் தொடங்கியது. 2025 ஜனவரி 1-ல் 25 மில்லியனுக்கு மேல், ஜூலை 1-ல் 5 மில்லியனுக்கு மேல், 2026 ஜனவரி 1-ல் 1 மில்லியனுக்கு மேல் என்று படிப்படியாக இறங்கி வந்தது. வீட்டில் பலகாரம் செய்யும் ஆண்டிக்கு இது வராது. ஆனால் அவருக்கு மாவும் நெய்யும் மொத்தமாகத் தரும் கடைக்கு வரலாம். விலைப்பட்டியல் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்துக்குப் போய், சரிபார்க்கப்பட்டு, தனி அடையாள எண்ணோடு திரும்பி வரும். தப்பாகப் போனால் 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். அதற்கு மேல் ஆனால் வரவுக் குறிப்பு போட்டுத்தான் சரிக்கட்ட வேண்டும். அந்தத் தளத்தை மென்பொருளிலிருந்தே நேராக எட்ட ஏ.பி.ஐ. வழியும் இருக்கிறது. சி.ஆர்.எம்.-ல் 'ஆர்டர் உறுதி' என்று மாற்றியவுடன் விலைப்பட்டியல் தானாகப் போகட்டும் என்று இணைப்பது பார்க்க அழகாக இருக்கும். அங்கே மணி ரெண்டு தடவை அடித்தால் நீங்கள் செய்யாத விற்பனைக்கு வரிக் கணக்கில் ஒரு ஆவணம் எழுந்து நிற்கும். என்னைக் கேட்டால், அந்த ஒரு படியில் மட்டும் ஒரு ஆள் பார்த்து 'சரி' என்று அழுத்தட்டும்.

நோட்டில் எழுதாத விஷயம்

இதுவரை சொன்னதெல்லாம் எங்கேயாவது எழுதப்பட்டிருக்கும் விஷயங்கள். கடைக்காரர் மனசில் மட்டும் இருக்கும் விஷயங்கள் என்ன ஆகும்?

போன வருடம் 10 கிலோ வாங்கியவர்கள் எல்லாருக்கும் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் ஒரு வாழ்த்தும் விலைப் பட்டியலும் போகட்டும் என்று ஓட்டம் வைப்பது மிகச் சுலபம். முதல் நாள் வேலையாக எல்லாரும் செய்வதும் இதுதான். அந்தப் பட்டியலில் ஒரு வீட்டில் ஜூன் மாதம் அம்மா தவறியிருப்பார். நம் வழக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் தீபாவளி கிடையாது. நெருங்கியவர்கள்தான் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். 555 நோட்டு வைத்திருக்கும் ஆண்டிக்கு அது தெரியும், அவரே துக்கத்துக்குப் போய்வந்தவர். அந்தப் பெயர் வந்ததும் அவர் கை தானாக அடுத்த வரிக்குப் போய்விடும். தானியங்கிக்கு அடுத்த வரி என்பது கிடையாது. 'இனிய தீபாவளி நல்வாழ்த்துகள், முன்பதிவுக்கு 10 விழுக்காடு கழிவு' என்று அந்த வீட்டுக்கும் போய் நிற்கும். இருபது வருஷப் பழக்கம் ஒரு செய்தியில் கசந்துவிடும். அவர்கள் கோபித்துக்கொண்டு எதுவும் சொல்ல மாட்டார்கள், அடுத்த வருஷம் ஆர்டர் வராது, ஏன் என்றும் தெரியாது.

பாக்கி நினைவூட்டலும் அப்படித்தான். யாரிடம் கேட்கலாம், யார் வேலை போய் உட்கார்ந்திருக்கிறார், யாருக்குச் சம்பளம் 28-ந் தேதிதான் வரும், இதெல்லாம் நோட்டில் கிடையாது. நோட்டைப் பிடித்திருக்கும் ஆளிடம் இருக்கிறது.

ஆகவே ஒரு கருவியிலும் கை வைப்பதற்கு முன்னால் ஆண்டியோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். பழைய நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டச் சொல்லுங்கள். எந்தப் பெயரில் அவர் தயங்குகிறாரோ அங்கே நிறுத்தி 'ஏன் ஆண்டி?' என்று கேளுங்கள். 'இவங்களுக்கு வெங்காயம் பூண்டு ஆகாது', 'இவர் ஆர்டர் பண்ணுவார், ஆனா அவர் தம்பிதான் காசு கொடுப்பார்', 'இங்க இந்த வருஷம் கேக்கக் கூடாதுய்யா'. இப்படி வரும் ஒவ்வொரு பதிலும் சி.ஆர்.எம்.-ல் ஒரு கட்டம் ஆக வேண்டும். 'இந்த ஆண்டு வாழ்த்து வேண்டாம்' என்று ஒரு தேர்வுப் பெட்டி, பக்கத்தில் எந்தத் தேதி வரை என்று ஒரு கட்டம். ஓட்டத்தின் முதல் படியிலேயே அந்தப் பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் கட்டமாக்க முடியாது என்பதால், வாழ்த்தும் பாக்கிச் செய்தியும் நேராகப் போகாமல் ஒரு பட்டியலாக ஆண்டியின் கைப்பேசிக்கு முதலில் வரட்டும். அவர் பார்த்து, வேண்டாத பெயரை எடுத்துவிட்டு, பிறகு அனுப்பட்டும். அதற்கு அஞ்சு நிமிஷம் போதும்.

புலனச் செய்தியைப் படித்து ஆர்டராக மாற்ற இப்போது செயற்கை நுண்ணறிவைச் சேர்க்கலாம். 'ஆண்டி, முறுக்கு டுவா கிலோ, நெய் உருண்டை சத்து பாக்கேட், ஹாரி சப்து போலே?' என்ற நம்ம ஊர்க் கலவையைக்கூட அது ஓரளவு பிரித்துவிடும். 'போன தடவை மாதிரியே போடுங்க' என்று வந்தால் போன தடவையைத் தேடிப் பார்க்க வேண்டும், அது நீங்கள் வைத்திருக்கும் பதிவைப் பொறுத்தது. எப்படியிருந்தாலும் அது போடுவதை வரைவாக மட்டும் வையுங்கள். எண்ணிக்கையை வாடிக்கையாளருக்கு ஒரு தடவை திருப்பிச் சொல்லி, அவர் 'ஓகே' சொன்ன பிறகு பதிவாகட்டும்.

சாவி யார் கையில்

ரெண்டு மென்பொருளை இணைக்கும்போது ஒன்று மற்றொன்றுக்கு ஒரு சாவியைக் கொடுக்கிறது. திரையில் 'அனுமதி' என்று ஒரு பொத்தான் வரும், நாமும் படிக்காமல் அழுத்துவோம். அந்தச் சாவிக்குக் கடவுச்சொல் தேவையில்லை, கைப்பேசிக்கு வரும் ஆறிலக்க எண்ணும் தேவையில்லை. அதை வைத்திருப்பவர் நேரே உள்ளே போகலாம்.

2025 ஆகஸ்டில் நடந்ததைப் பாருங்கள். டிரிஃப்ட் என்பது நிறுவனங்களின் இணையப் பக்கத்தில் வாடிக்கையாளரோடு பேசி, விவரத்தைச் சேல்ஸ்ஃபோர்ஸில் போடும் ஒரு விற்பனைக் கருவி. சேல்ஸ்லாஃப்ட் நிறுவனத்துடையது. ஊடுருவியவர்கள் டிரிஃப்ட்டிடம் இருந்த சாவிகளைத் திருடி, ஆகஸ்ட் 8 முதல் சுமார் பத்து நாள், பல நிறுவனங்களின் சேல்ஸ்ஃபோர்ஸுக்குள் புகுந்து தரவை அள்ளினார்கள். 700-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கூகுள் தரப்பு சொன்னது. கிளவுட்ஃபிளேர், ஸ்கேலர், பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் போன்ற பாதுகாப்பு நிறுவனங்களே அதில் இருந்தன. சேல்ஸ்ஃபோர்ஸின் பூட்டு உடைபடவில்லை. சாவி வைத்திருந்த தம்பியின் பாக்கெட்டில் கை விட்டார்கள்.

பலகாரக் கடையில் திருட என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். பெயர், கைப்பேசி, வீட்டு முகவரி, எந்த நாளில் வீட்டில் இருப்பார்கள், எல்லாம் இருக்கிறது. அடையாள அட்டை எண்ணையும் சேர்த்து வைத்திருந்தால் அதன் முதல் ஆறு இலக்கமே பிறந்த தேதி. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 வியாபாரத்துக்காக வாங்கும் தரவைக் காக்கச் சொல்கிறது. 2024 திருத்தத்தில் உச்ச அபராதம் 300,000 ரிங்கிட்டிலிருந்து 1 மில்லியனாக ஏறியது. 2025 ஜூன் 1 முதல், தரவு கசிந்து அதனால் பெரிய பாதிப்பு வரக்கூடும் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் சொல்ல வேண்டும். முறுக்கு வாங்க அடையாள அட்டை எண் எதற்கு? கேட்காதீர்கள், வைத்திருக்காதீர்கள்.

நடைமுறையில் மூன்று வேலை. இணைப்புக்கென்று சி.ஆர்.எம்.-ல் தனியாக ஒரு பயனரை உருவாக்கி, அதற்குத் தேவையான அளவு மட்டும் அனுமதி கொடுங்கள். முதலாளியின் கணக்கை வைத்து இணைக்காதீர்கள். சோதித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்ட கருவிகளின் அனுமதியை உடனே நீக்குங்கள்; எல்லா மென்பொருளிலும் 'இணைக்கப்பட்ட செயலிகள்' என்று ஒரு பக்கம் இருக்கும், அதைப் பள்ளி விடுமுறைக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள். கணக்கு உங்கள் தனிப்பட்ட மின்னஞ்சலில் இருக்கக் கூடாது, கடையின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். நீங்கள் நாளைக்கு இன்டெர்ன்ஷிப் என்று ஜொகூருக்குப் போய்விடுவீர்கள், கடை இங்கேதான் இருக்கும்.

தொடங்குவதாக இருந்தால் தீபாவளியில் தொடங்காதீர்கள். கூட்டம் இல்லாத ஒரு மாதம் பாருங்கள். ஒரே ஒரு ஓட்டம்: ஆர்டர் படிவத்திலிருந்து சி.ஆர்.எம்.-க்கு. ரெண்டு வாரம் 555 நோட்டும் கூடவே ஓடட்டும், தினமும் ராத்திரி ரெண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் எங்கே வந்தது என்று எழுதி வையுங்கள். வித்தியாசம் நின்ற பிறகு அடுத்ததை இணையுங்கள். ஓட்டம் தடைபட்டால் வரும் பிழை அறிவிப்பை உங்களுக்கு வைக்காதீர்கள், நீங்கள் ஆய்வுக்கூடத்தில் கைப்பேசியை அணைத்து வைத்திருப்பீர்கள். அது கடையில் இருப்பவரின் கைப்பேசிக்குத் தமிழில் வரட்டும்: 'இந்த ஆர்டர் உள்ளே போகவில்லை, நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்'. கீழே ஆர்டர் எண்.